நல்லா ஆவி பறக்க சூடு பண்ணித்தானே குடுத்தேன் டாக்டர், அப்புறம் எப்படி ஃபுட் பாய்சன் ஆச்சு?

வில்லிவாக்கத்துல இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. ஆளை அடையாளம் காட்டுற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

மே மாசம் தங்கச்சிக்கு ஏழாம் மாச வளைகாப்பு, அம்மா வீட்ல இடம் பத்தாதுன்னு இவங்க வீட்லயே வெச்சிருக்காங்க. கலந்த சாதம் அஞ்சு வகையும் ஒரு சமையல்காரர்கிட்ட ஆர்டர் குடுத்து காலைல 9 மணிக்கு வந்து இறங்கியிருக்கு. பன்னண்டரைக்கு பந்தி, சுமார் 60 பேர் சாப்பிட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு மணி வாக்குல மூணு பாத்திரத்துல மிச்சம் இருந்த தேங்கா சாதத்த இவங்க கையாலயே ஒண்ணா கலந்து ஒரு தூக்குல போட்டு மூடி வெச்சிருக்காங்க, ஃப்ரிட்ஜ்ல இடம் இல்ல. ராத்திரி எட்டரைக்கு அத கடாய்ல போட்டு நல்லா பிரட்டி சூடு பண்ணி வீட்டுக்காரர், 9 வயசு பையன், மாமியார், ஓரகத்தி நாலு பேருக்கும் குடுத்திருக்காங்க. இவங்க மட்டும் அசதில சாப்பிடாமயே படுத்துட்டாங்க. பதினோரு மணிக்குள்ள நாலு பேரும் மாத்தி மாத்தி வாந்தி, அப்புறம் வயித்தால வேற போயிருக்கு. ஜுரம் யாருக்கும் இல்ல.

மறுநாள் வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு ஆன்டிபயாடிக், பேதி நிக்க ஒரு மாத்திரை, ரெண்டையும் வாங்கி பையனுக்கும் சேத்து குடுத்திருக்கார். மூணாம் நாள் பையனுக்கு இன்னும் லூஸா போகுதுன்னு லேப்ல ரத்தம் குடுத்து, வைடால் டெஸ்ட்ல "டைபாய்டு பாசிட்டிவ்"னு ரிப்போர்ட் வந்திருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் "ரத்தத்துல விஷம் கலந்துடுச்சு, அட்மிட் பண்ணுங்க"ன்னு சொல்லியிருக்கார். இதுக்கு நடுவுல, வாசகிக்கு நாலு நாள் முன்னாடி துருப்பிடிச்ச தேங்கா துருவில விரல் கிழிஞ்சு சீழ் கோத்திருந்தத பாத்துட்டு மாமியார் எல்லார் முன்னாடியும் "உன் கையால விஷம் வெச்சிட்டியேடி"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் சமையல்காரர் மேல கேஸ் போடணும்னு நிக்கறார். வளைகாப்பு பொண்ணோ வயித்துல இருக்கற குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமான்னு அழுதுட்டே இருக்காங்களாம்.

அவசரமா சொல்ல வேண்டியத லெட்டர் வந்த அன்னிக்கே தனியா பதில் போட்டு சொல்லிட்டேன். இது கொஞ்சம் விளக்கமா, ஏன்னா இதே கேள்விங்க ஒவ்வொரு வெயில் காலத்துலயும் யாராவது ஒருத்தர் கேட்டுட்டே தான் இருக்காங்க.

முதல்ல உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்மா. நீங்க யாருக்கும் விஷம் வெக்கல. நடந்தது என்னன்னு புரிஞ்சா உங்க மாமியாருக்கும் அது தெரியும், அதனால இத அவங்களுக்கும் படிச்சு காட்டுங்க.

கிருமி செத்தாலும் விஷம் சாகாது

நாம எல்லாருமே கிருமின்னா அது உயிரோட உள்ள போய் தான் கெடுதல் பண்ணும், அதனால கொதிக்க வெச்சா தீந்துச்சுன்னு நினைச்சுட்டு இருக்கோம். பாதி கிருமிக்கு அது சரி. ஆனா சில கிருமிங்க நம்ம வயித்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே, பாத்திரத்துல இருக்கும்போதே சாப்பாட்டுல ஒரு விஷப்பொருள சுரந்து வெச்சிடும். டாக்ஸின்னு சொல்றோமே அதான். நீங்க கடாய்ல பிரட்டினப்ப பெருகின கிருமி பெரும்பாலும் செத்திருக்கும், ஆனா அது போட்டு வெச்ச டாக்ஸின் அப்படியே இருந்திருக்கும். செடிய வெட்டிட்டோம்னு குழம்புல கரைஞ்ச மிளகா காரம் போயிடுமா, அந்த மாதிரி தான்.

உங்க வீட்டு கதைல ரெண்டு கிருமி மேல தான் சந்தேகம் வருது. ஒண்ணு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், இது நல்லா இருக்கற மனுஷங்க மூக்குலயும் தோல்லயும் சாதாரணமா குடியிருக்கும், சீழ் வெச்ச காயத்துல நிறைய இருக்கும். இதோட டாக்ஸின் கொதிக்கற சூட்டையும் தாங்கும், சாப்பிட்ட அரை மணில இருந்து 8 மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும். இன்னொண்ணு பேசில்லஸ் சீரியஸ், அரிசிக்கும் இதுக்கும் ரொம்ப நெருக்கம், மண்ணுல இருந்து அரிசியோடயே வந்துடும். இது ஸ்போர்னு ஒரு கெட்டியான உறைக்குள்ள தூங்கிட்டு இருக்கும், சோறு வடிக்கற சூட்டுல அது சாகாது. சோறு வெதுவெதுப்பா ரொம்ப நேரம் கிடந்தா முழிச்சு பெருகி ஒரு டாக்ஸின போடும், செரூலைடுன்னு பேரு. அது 121 டிகிரில ஒன்றரை மணி நேரம் வெச்சாலும் அழியாது, அதாவது குக்கர்ல வெச்சு எத்தன விசில் விட்டாலும் பிரயோஜனம் இல்ல.

இந்த ரெண்டு டாக்ஸினும் பண்ற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். வயித்துலயும் குடல்லயும் இருக்கற நரம்பு முனைய சீண்டி விடும், அங்கேருந்து மூளைல வாந்திய கட்டுப்படுத்தற இடத்துக்கு தகவல் போகும், உடனே உடம்பு உள்ள இருக்கறத மொத்தமா வெளிய தள்ளும். கிருமி உள்ள போய் பெருக வேண்டிய அவசியமே இல்லாததால தான் இவ்ளோ சீக்கிரம் வருது, ஜுரமும் இல்ல, ஒரே நாள்ல அடங்கியும் போயிடுது.

நேரத்த பாத்தாலே நிறைய புரியும். மத்தியானம் சாப்பிட்ட 60 பேருக்கும் ஒண்ணும் இல்ல, ராத்திரி சாப்பிட்ட நாலு பேருக்கும் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள வாந்தி, சாப்பிடாத உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அப்போ தப்பு நடந்தது ரெண்டு மணிக்கும் எட்டரைக்கும் நடுவுல. சென்னை மே மாச வெயில்ல மூடி வெச்ச தூக்கு, உள்ள ஈரமான தேங்கா சாதம். கிருமி அரை மணிக்கொரு தடவை ரெண்டு மடங்காகுதுன்னு வெச்சா கூட ஆறரை மணி நேரத்துல ஒண்ணு எட்டாயிரத்த தாண்டிடும். வெளிய வெச்ச சாப்பாடு ரெண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரம், அவ்ளோதான் கணக்கு. 60 டிகிரிக்கு மேல சூடா வெச்சிருக்கணும் இல்ல 5 டிகிரிக்கு கீழ குளிர்ச்சியா வெக்கணும், நடுவுல இருக்கறது பூரா கிருமிக்கு தோதான இடம்.

உங்க விரலா, அரிசில இருந்த ஸ்போரான்னு கேட்டா, மிச்ச சாதத்த லேப்ல பரிசோதிச்சிருந்தா தான் அடிச்சு சொல்ல முடியும், நீங்க அத அன்னிக்கே கொட்டிட்டீங்க. ரெண்டுமே பொருந்தும். காயம் இல்லாத சுத்தமான கையால கலந்திருந்தாலும் அந்த தூக்கு அத்தன நேரம் வெளிய இருந்தா இது நடக்க வாய்ப்பு இருந்துச்சு, ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா காயம் பட்ட கையா இருந்தாலும் அனேகமா தப்பிச்சிருப்பீங்க. இனிமே கைல சீழ், கொப்புளம் இருந்தா சமையல்கட்டுல வேற யாராவது கலக்கட்டும், இல்ல கரண்டி, கையுறை. வீட்ல விசேஷம்னா நின்னு வேலை செய்யற ஒரே ஆளு நீங்களா தான் இருப்பீங்கன்னு எனக்கு தெரியும், அந்த காய விரலோட உங்கள வேலை செய்ய விட்டவங்க யாரும் அன்னிக்கு அத கவனிக்கலயேன்னு தான் எனக்கு வருத்தமா இருக்கு.

மாமியார் "பழைய சோறு சாப்பிட்டே வளந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு"ன்னு கேக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. நியாயமான கேள்வி. பழைய சோறு தண்ணி ஊத்தி வெக்கறது, அதுல புளிக்க வெக்கற நல்ல பாக்டீரியா பெருகி புளிப்பு ஏறும், புளிப்பு ஏற ஏற மத்த கிருமிக்கு வளர வசதி குறையும். புளியோதரை ரெண்டு நாள் தாங்கறதும் புளியால, எண்ணெயால. தேங்கா சாதத்துல இந்த பாதுகாப்பு எதுவுமே இல்ல.

"ரத்தத்துல விஷம் கலந்துடுச்சா?"

இல்ல. ஆனா இந்த பயம் எங்கேருந்து வருதுன்னு புரியணும், ஏன்னா டாக்ஸின் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது.

சில கிருமி குடலுக்குள்ள வந்து ஒக்காந்து அப்புறம் தான் டாக்ஸின் போடும். பெரிய அண்டால ஆக்கி மெதுவா ஆறின பிரியாணி, கறிக்குழம்புல வர்ற கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் அப்படி, 6 மணில இருந்து 24 மணி நேரத்துக்குள்ள வயித்து வலியும் பேதியும் வரும், வாந்தி கம்மி. காலரா இன்னும் விசேஷம், அது குடல் சுவத்த கிழிக்கறதோ புண்ணாக்கறதோ இல்ல, குடல் செல்லுக்குள்ள உப்பும் தண்ணியும் வெளிய போற வழிய திறந்து விட்டு மூட முடியாம பண்ணிடும், அதனால தான் அரிசி கழுவின தண்ணி மாதிரி லிட்டர் லிட்டரா போகும். 1884ல கல்கத்தாவுல காலரா கிருமிய பிரிச்செடுத்த ராபர்ட் காக் இது ஏதோ விஷத்தால தான்னு சொன்னார், ஆனா அத நிரூபிச்சு காட்டினது 75 வருஷம் கழிச்சு, 1959ல, அதே கல்கத்தாவுல சம்பு நாத் டே. நோபல் பரிசு குடுத்திருக்க வேண்டிய மனுஷன்னு நான் உறுதியா நம்பறேன். நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு, ஓ139ன்னு உலகத்துக்கே புதுசான ஒரு காலரா ரகம் 1992ல முதல்ல கண்ணுல பட்டது அப்போ மெட்ராஸா இருந்த சென்னைல தான்.

மூணாவது வகை தான் உங்க சொந்தக்காரர் பயப்படறது. சில பாக்டீரியாவோட மேல் தோல்லயே எண்டோடாக்ஸின்னு ஒரு பொருள் இருக்கு. கிருமி ரத்தத்துல நுழைஞ்சு அங்க உடையும்போது இத பாத்து நம்ம எதிர்ப்பு சக்தி தலைகால் புரியாம பாயும், ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் விழும், கிட்னி, நுரையீரல் எல்லாம் அடிபடும். அங்க ஆளை சாய்க்கறதுல பாதி நம்ம உடம்போட பதில் தாக்குதல் தான். செப்சிஸ்னு சொல்றது இத. அதுல ஜுரமோ இல்ல உடம்பு ஜில்லுன்னு போறதோ, மூச்சு வாங்கறது, பேச்சு குழர்றது இதெல்லாம் இருக்கும். மறுநாள் எழுந்து கிரிக்கெட் பாத்துட்டு இருக்கற பையனுக்கு அது இல்லம்மா.

அந்த வைடால் ரிப்போர்ட்

இத கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். டைபாய்டு கிருமி உடம்புக்குள்ள போய் 6 நாள்ல இருந்து 30 நாள் கழிச்சு தான் ஜுரமே ஆரம்பிக்கும். ராத்திரி சாப்பிட்ட சாதத்துக்கு மூணாம் நாள் டைபாய்டு வராது, அதுவும் ஜுரமே இல்லாத பையனுக்கு. வைடால் டெஸ்ட் கிருமிய பாக்கறது இல்ல, நம்ம உடம்பு முன்ன எப்பயோ உருவாக்கின எதிர்ப்பு பொருள பாக்குது. பழைய தொற்று, தடுப்பூசி, வேற காய்ச்சல் எதுனாலயும் பாசிட்டிவ் வரலாம். நம்ம ஊர்ல பாதி பேருக்கு "டைபாய்டு" வர்றது இந்த ஒரு பேப்பரால தான்னு சொன்னா மிகை இல்ல. நிஜமாவே சந்தேகம் இருந்தா, அதாவது நாலஞ்சு நாளா ஜுரம் ஏறிட்டே போனா, ஆன்டிபயாடிக் தொடறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி இருக்கான்னு வளத்து பாக்கற டெஸ்ட், எடுக்கணும். உங்க பையனுக்கு இப்போ அதுவும் வேண்டாம்.

மாத்திரைய என்ன பண்றது

"ஆரம்பிச்சா கோர்ஸ முடிக்கணும்னு சொல்றாங்களே"ன்னு கேட்டிருந்தீங்க. அது தேவைப்பட்டு டாக்டர் எழுதி குடுத்த ஆன்டிபயாடிக்குக்கு. இங்க கொல்லறதுக்கு கிருமியே இல்ல, டாக்ஸின் மேல ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. வாந்தி நின்ன பிறகும் பையனுக்கு லூஸா போறதுக்கு அந்த மாத்திரையே காரணமா இருக்கலாம், குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவ அது அடிச்சு துவைச்சிருக்கும். சில பேருக்கு அந்த காலி இடத்துல வேற ஒரு கிருமி வளந்து அதுவும் டாக்ஸின் போட ஆரம்பிக்கும். ஈகோலைங்கற குடல் கிருமில சில வகை தொற்றுல ஆன்டிபயாடிக் குடுத்தா டாக்ஸின் இன்னும் அதிகமா வெளிய வந்து கிட்னிய பாதிக்கற ஆபத்து கூட உண்டு. பேதிய நிறுத்தற மாத்திரை குழந்தைங்களுக்கு குடுக்கவே கூடாது, ரத்தம் கலந்து போனா, ஜுரம் இருந்தா பெரியவங்களுக்கும் கூடாது. பக்கத்துல உங்க ஃபேமிலி டாக்டர்கிட்ட பையன காட்டி, இதையும் சொல்லி ரெண்டு மாத்திரையையும் நிறுத்திடுங்க.

மாமியாருக்கு இன்னும் கவனம் வேணும். அவங்க சுகர் மாத்திரை போடறாங்கன்னு எழுதியிருக்கீங்க, உங்க வீட்டுக்காரர் வாங்கின மாதிரி ஆஃப்லாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக் சில பேருக்கு சுகர தடாலடியா இறக்கி விட்டுடும், சாப்பாடும் இறங்காத நேரத்துல அது ஆபத்து. வாந்தி பேதி இருக்கற நாள்ல பிரஷர் மாத்திரை, நீர் போற மாத்திரை, மெட்ஃபார்மின் இதெல்லாம் கிட்னிக்கு கஷ்டம் குடுக்கலாம். தானா நிறுத்த வேண்டாம், டாக்டருக்கு போன் போட்டு எத எத்தன நாள் நிறுத்தணும்னு கேளுங்க.

நிஜமான மருந்து ஓஆர்எஸ்ங்கற உப்பு சர்க்கரை கரைசல் தான். டாக்ஸின் குடல்ல என்ன கலாட்டா பண்ணாலும் சர்க்கரையையும் உப்பையும் சேத்து உள்ள இழுக்கற வழி ஒண்ணு பெரும்பாலும் வேலை செஞ்சுட்டே இருக்கும், தண்ணியும் அது கூடவே உள்ள போகும். 1971ல வங்காள அகதிங்க முகாம்ல காலரா பரவினப்ப திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டர் ட்ரிப்ஸ் தீந்து போய் இந்த கரைசல டிரம் டிரமா குடுத்தார், நூத்துக்கு முப்பது பேர் செத்துட்டு இருந்த இடத்துல நாலு பேருக்கும் கீழ குறைஞ்சுது. பாக்கெட்ல போட்ட அளவு தண்ணில முழு பாக்கெட்டையும் கரைக்கணும், கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சமா தூவி குடிக்கறது தப்பு. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆறின தண்ணில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உங்க வீட்டுக்காரர் பையனுக்கு வாங்கி குடுத்த டெட்ரா பாக்கெட் ஆப்பிள் ட்ரிங்க் ஓஆர்எஸ் இல்ல, அதுல சர்க்கரை ஜாஸ்தி, பேதிய கூட்டும்.

எப்போ உடனே ஆஸ்பத்திரி போகணும்னா: ஆறு எட்டு மணி நேரமா யூரின் போகல, குழந்தை சொக்கி சொக்கி படுக்குது, பேதில ரத்தம், விடாத ஜுரம், ஒரு நாளுக்கு மேல வாந்தி நிக்கல, கண்ணு மஞ்சளாகுது, பார்வை ரெண்டா தெரியுது இல்ல இமை தொங்குது. கடைசி ரெண்டும் அபூர்வம், ஆனா தள்ளிப்போடக் கூடாத விஷயம்.

துருவி கிழிச்ச விரல்

இந்த லெட்டர்ல எல்லாரையும் பத்தி கேட்ட நீங்க உங்க விரல பத்தி கேட்டது ஒரே ஒரு வரி, "துருப்பிடிச்சது பட்டா டிடி போடணுமா". டிடி ஊசி போடறது டெட்டனஸ் வராம இருக்க. டெட்டனஸுக்கு துரு காரணம் இல்ல, மண்ணுலயும் அழுக்குலயும் இருக்கற அந்த கிருமியோட ஸ்போர் தான் காரணம், எவர்சில்வர் கத்தில கிழிச்சாலும் வரலாம். காத்து படாத காயத்துக்குள்ள அது முழிச்சு போடற டாக்ஸின் நரம்பு வழியா தண்டுவடம் வரைக்கும் ஏறி, தசைய தளர சொல்ற சிக்னல தடுத்துடும், அதான் தாடை இறுகிக்கறதும் உடம்பு வில்லா வளையறதும். டெட்டனஸ் ஒரு தடவை வந்து பிழைச்சவங்களுக்கு கூட எதிர்ப்பு சக்தி வராது, அவ்ளோ கொஞ்சூண்டு டாக்ஸினே போதும் அதுக்கு. கடைசி ஊசி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா இந்த மாதிரி அழுக்கான காயத்துக்கு ஒண்ணு போட்டுக்கணும், எப்ப போட்டோம்னே ஞாபகம் இல்லன்னாலும் போடணும். இப்போ டிடிங்கற அந்த பழைய ஊசிக்கு பதிலா டிப்தீரியாவுக்கும் சேத்தே போடறாங்க, மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு இல்லாம கிடைக்கும். சீழையும் காட்டிடுங்க, வெட்டி எடுக்கணும்னா எடுக்கட்டும்.

தங்கச்சி மத்தியானம் சாப்பிட்டாங்க, நாள் கணக்கா ஒரு தொந்தரவும் இல்ல, அந்த தூக்குல இருந்தத தொடவே இல்ல. அவங்களுக்கும் குழந்தைக்கும் இதனால எதுவும் இல்லன்னு தைரியமா சொல்லுங்க. முன்ஜாக்கிரதைக்குன்னு வீட்ல மிச்சம் இருக்கற ஆன்டிபயாடிக்க அவங்க கைல குடுத்துடாதீங்க, கர்ப்பத்துல அந்த வகைய தவிர்க்கணும். ஜுரம் எதாவது வந்தா மட்டும் அவங்க பாக்கற டாக்டர்கிட்ட உடனே போகணும்.

கடைசியா கேஸ். நான் வக்கீல் இல்ல, ஆனா தெரிஞ்சத சொல்றேன். 2006 உணவு பாதுகாப்பு சட்டத்துல நஷ்ட ஈடு இருக்கறது உண்மை, உங்க வீட்டுக்காரர் சொல்ற 5 லட்சம் உயிர் போனா தான், இந்த மாதிரி பாதிப்புக்கு அதிகபட்சம் 1 லட்சம் வரைக்கும். அதுக்கும் சாப்பாடு அவர்கிட்ட இருக்கும்போதே கெட்டுச்சுன்னு காட்டணும். அவர் குடுத்தத மத்தியானம் 60 பேர் சாப்பிட்டு நல்லா இருக்காங்க, அதுக்கப்புறம் அந்த சாதம் உங்க வீட்டு தூக்குல தான் இருந்துச்சு. அந்த சமையல்காரருக்கு இந்த சீசன்ல வர்ற நாலு ஆர்டர் தான் வருஷத்துக்கு சோறு, "விஷ சாப்பாடு"ன்னு கூகுள்ல போட்டிருக்கற ரிவ்யூவ இன்னிக்கே எடுத்துட சொல்லுங்க.